குழாயைத் திறப்பவர்களும் கடன்பட்டவர்களே

கடாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பும் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் சின்னங்களும்தான். பேச்சுப் போட்டியானாலும் கவிதையானாலும் நம் மாணவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் தென்புறமாகக் கடலை நோக்கி ஓடும் மூடா ஆற்றைப் பற்றியோ, இன்றைய கடாரத்தின் நெல்வயல்களைப் பற்றியோ நாம் பேசுவதில்லை.

“நம்மவர்களுக்கு ஏது நெல்வயல்? அது விவசாயிகளின் பிரச்சினை, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த எண்ணம் சரியன்று என்பதே என் கருத்து. வட மாநிலங்களின் தண்ணீர்க் கணக்கில் நாமும் ஒரு பக்கத்தில் நிற்கிறோம். அது கொடுக்கும் பக்கமன்று, வாங்கும் பக்கம்.

அணையிலிருந்து வயல்வரை

கெடா சமவெளியில் கால்வாய் வெட்டுவது புதிய வேலையன்று. 1885-இல் அம்மாநிலத்தின் முதலமைச்சர் வான் முகமது சாமான் அலோர் ஸ்டாரிலிருந்து குரூணை நோக்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது இன்றும் அவர் பெயரோடு ஓடுகிறது. எனினும், அக்காலத்தில் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான் விளைந்தது. இரண்டாம் போகத்திற்கு வழிவகுத்தது மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1965-இல் உலக வங்கி இதற்கு 45 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. 1970-இல் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விடப்பட்டது. அதே ஆண்டில் அமைந்த ‘மாடா’ எனும் மூடா வேளாண் மேம்பாட்டு வாரியம் இன்று கெடாவிலும் பெர்லிசிலும் ஏறத்தாழ 100,000 எக்டர் நெல்வயலுக்கு நீர் பங்கிடுகிறது. அவ்வயல்களை நம்பி 50,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள் இருக்கிறார்கள். நாட்டின் நெல் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

இத்திட்டத்தின் அமைப்பு வியப்புக்குரியது. மூடா அணைக்குத் தண்ணீர் தரும் காட்டுப் பரப்பு பெரியது. ஆனால் அந்த அணையின் கொள்ளளவு சிறியது. பெடு அணை அதற்கு நேர்மாறு. ஆகவே, மலையைக் குடைந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, மூடாவின் நீரைப் பெடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிற்காலத்தில் அனிங் அணையும் இவற்றோடு சேர்ந்தது. பெடுவிலிருந்து திறக்கப்படும் நீர் ஆற்று வழியே பெலுபாங் தடுப்பணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிகிறது.

“அணைதான் இருக்கிறதே, திறந்துவிட்டால் போதாதா?” என்று கேட்கலாம். அணையில் திறந்த தண்ணீர் வயலுக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் சமவெளியில் பெருமழை பெய்துவிட்டால், திறந்த நீர் யாருக்கும் பயன்படாமல் கடலுக்குப் போய்விடும். மழையை எதிர்பார்த்துத் திறக்காமலிருந்து, மழையும் வராவிட்டால் பயிர் வாடும். மேலும், எல்லா வயலுக்கும் தனித்தனி வாய்க்கால் கிடையாது. தொடக்கத்தில் ஒரு எக்டருக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வாய்க்கால்தான் இருந்தது. ஒருவரின் வயலைக் கடந்துதான் அடுத்தவரின் வயலுக்குத் தண்ணீர் போகும். அதனால் பக்கத்து வயல்காரர் உழத் தாமதித்தால் இவர் விதைப்பதும் தாமதமாகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100,000 எக்டரில் வெறும் பத்து செண்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் 100 மில்லியன் கனமீட்டர் நீர் தேவை. பெடு அணையின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 1,070 மில்லியன் கனமீட்டர்தான். ஒரு சாண் தண்ணீருக்கும் குறைவான அளவு, நாட்டின் பெரிய அணையொன்றின் பத்தில் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது. வயல்களுக்குக் கிடைக்கும் நீரில் பாதிக்கு மேல் மழையே தருவதால்தான் இத்திட்டம் நிற்கிறது. மழை பொய்த்தால் என்னாகும் என்பதை 1978 காட்டியது. அவ்வாண்டு வறட்சியால் ஒரு போகமே கைவிடப்பட்டது.

வாரியத்தின் இக்கட்டு

இப்படிப்பட்ட வாரியத்தை இன்று மூன்று பக்கத்திலிருந்தும் இழுக்கிறார்கள்.

முதலாவது, விளைச்சலைப் பெருக்கு என்ற கட்டளை. 2023-இல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. அப்போது அரிசிப் பைக்காக நம் வீட்டுப் பெண்கள் கடை கடையாக அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இதன் விளைவாக, இரண்டு ஆண்டுகளில் ஐந்து போகம் என்ற திட்டத்தை அரசாங்கம் முன்வைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால், நான்கு போகத்துக்கே மழையையும் அணையையும் எண்ணி எண்ணிப் பங்கிடும் இடத்தில் ஐந்தாம் போகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, நகரங்களின் தாகம். மாடாவின் அணை நீர் வயலுக்கு மட்டும் போவதில்லை. வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்குமான சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் போகிறது. தெற்கே, மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து பினாங்கு தன் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. வயலுக்குப் போகும் நீரும் பினாங்குக் குழாயில் வரும் நீரும் தலைப்பில் ஒரே காட்டில் பிறந்தவை. அதுதான் உலு மூடா.

மூன்றாவது, சட்டம். நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம், காடு, ஆறு ஆகியவை மாநிலத்தின் உரிமை. வடிகாலும் நீர்ப்பாசனமும் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொது. குடிநீர் விநியோகம் 2005-இல் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. மாடா மத்திய அரசாங்கத்தின் வாரியம். அதாவது, தண்ணீரைப் பங்கிட வேண்டிய பொறுப்பு வாரியத்துக்கு. அந்தத் தண்ணீரைப் பிறப்பிக்கும் காட்டின்மீதோ அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. உலு மூடாவின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 160,000 எக்டர். நிரந்தர வனக் காப்பகம் என்ற பெயர் இருந்தால் மரம் வெட்டப்படாது என்று பொருளல்ல. உற்பத்தி வனம் என்று வகுத்த பகுதியில் உரிமம் பெற்று வெட்டலாம். மரம் விழுந்த சரிவிலிருந்து மண் கரைந்து ஆற்றிலும் அணையிலும் படியும். மேலே ஒருவர் கையெழுத்திடும் உரிமத்தின் பலனைக் கீழே வயல்காரர் அனுபவிக்கிறார்.

சேமித்த நீர் யாருக்கு?

“விவசாயிகள் தண்ணீரை வீணாக்குகிறார்கள்; அவர்கள் சிக்கனமாக இருந்தால் எல்லாருக்கும் போதும்” என்பது நகரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதில் பாதிதான் உண்மை.

மூடா விவசாயிகள் ஏற்கெனவே நிறைய மாறியிருக்கிறார்கள். நாற்று நட்டவர்கள் நேரடி விதைப்புக்கு வந்தார்கள். காய்ந்த நிலத்திலேயே விதைத்தால், வயலை முன்கூட்டியே ஊறவைக்கும் அணை நீர் மிச்சமாகும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நீர் நிற்காத வயலில் களை பெருகும். ‘பாடி அங்கின்’ எனப்படும் களைநெல் நேரடி விதைப்போடு பரவி, களைக்கொல்லிச் செலவை ஏற்றியது. வடிந்து போகும் நீரை மீண்டும் வயலுக்கு ஏற்ற வாரியம் இயந்திரங்களை வைத்திருக்கிறது. அதற்கும் செலவுதான்.

சிக்கனம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. என் கேள்வி வேறு: சேமித்த நீர் யாரைச் சேரும்? பக்கத்து வயலுக்கா, அணையிலேயே அடுத்த வறட்சிக்கா, நகரத்தின் குழாய்க்கா, தொழிற்சாலைக்கா? இதை எழுத்தில் வைக்காமல் சேமிக்கச் சொன்னால் எந்த விவசாயி நம்புவார்?

என் அறைத்தோழன் பெண்டாங்கைச் சேர்ந்த நெல் விவசாயியின் மகன். ஒருநாள் அவனிடம் இதைக் கேட்டேன். பினாங்கில் ஒருநாள் குழாய் நின்றால் நாடே பேசுகிறது. எங்கள் வயலுக்கு இரண்டு வாரம் தண்ணீர் தாமதமானால் என் அப்பாவும் பக்கத்து வயல்காரரும் மட்டும்தான் பேசிக்கொள்வார்கள் என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வளர்ச்சியின் பலன் தானாகவே எல்லாரையும் சேராது என்பதற்கு மூடாவே சான்று. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை இச்சமவெளியின் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1985-இல் நூலாக வெளியிட்டார். இரண்டாம் போகம் வந்தபோது நிலமற்ற ஏழைகளுக்கும் அறுவடைக் கூலி இரட்டித்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்து அந்தக் கூலியைப் பறித்துக்கொண்டது. திட்டம் வென்றது, ஏழைகள் தோற்றார்கள். சேமித்த நீரின் கதையும் அப்படி ஆகக்கூடாது.

நாம் எங்கே நிற்கிறோம்?

நான் சுங்கைப் பட்டாணிக்காரன். என் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டிய தோட்டம் இன்று தாமானாகவும் கடைவரிசையாகவும் மாறிவிட்டது. கெடாவிலும் செபராங் பிறையிலும் நம்மில் பலருடைய குடும்பக் கதை இதுதான். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம். பாயான் லெப்பாசிலும் கூலிமிலும் தொழிற்சாலை வேலைக்குப் போனோம். தோட்டத்து லயத்தில் பொதுக்குழாய்முன் வரிசை பிடித்த பாட்டி, அரிசி களைந்த நீரையும் கொட்டாமல் செடிக்கு ஊற்றுவார். இன்று மலேசியர் ஒருவர் வீட்டில் சராசரியாக நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். நெல்வயல் இல்லாத நாம், நெல்வயலோடு ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொள்கிறோம். ஆகவே, இது விவசாயிகளின் பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரி நீரை முறைவைத்துப் பங்கிட ‘நீர்க்கட்டி’ என்ற ஓர் ஊழியர் இருந்தார். அவருக்குக் கூலி, பயனடைந்த வயல்களிலிருந்தே நெல்லாகப் போகும். தண்ணீரைக் காப்பவருக்குத் தண்ணீரால் பிழைப்பவர் பங்கு தரவேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த நியாயம்தான்.

பினாங்கு ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தரவேண்டும் என்று கெடா மாநில அரசு கேட்டுவருகிறது. ஆறு இரு மாநிலங்களின் எல்லையாக ஓடுகிறது. எங்கள் கரையிலிருந்துதான் எடுக்கிறோம் என்பது பினாங்கின் பதில். என்னைக் கேட்டால் இரண்டிலும் குறை உண்டு. கரை யாருடையது என்பது சட்டத்துக்குப் போதுமான பதிலாக இருக்கலாம்; காட்டை வெட்டாமல் வைத்திருப்பதன் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அதேபோல், காட்டைக் காப்பதோடு கட்டாயமாக இணைக்காத பணம் வெறும் வாடகைதான். பணமும் போய், மரமும் போனால் யாருக்கு இலாபம்?

ஆகவே, நான் மூன்று காரியங்களை வேண்டுகிறேன்.

ஒன்று, உலு மூடாவிலிருந்து கடல்வரை ஒரே நீர்ப்படுகையாகக் கொண்டு முடிவெடுக்கும் ஓர் அமைப்பு வேண்டும். அதில் கெடா, பெர்லிஸ், பினாங்கு, மத்திய அரசாங்கம் ஆகியவற்றோடு மாடாவுக்கும் விவசாயிகளுக்கும் வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். மரம் வெட்டும் உரிமம் அந்த அமைப்பின் பார்வைக்கு வராமல் வழங்கப்படக்கூடாது.

இரண்டு, குழாய் நீரின் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு காட்டுக்காக ஒதுக்கப்பட வேண்டும். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் 2019-இல் 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கித் தொடங்கிய உதவி, 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 250 மில்லியனாக உயர்ந்தது. வரவேற்கிறேன். ஆனால் அது நாட்டின் எல்லா மாநிலங்களுக்குமான தொகை. ‘ஏழைகள் தலையில் கட்டணமா?’ என்று சிலர் கேட்பார்கள். அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்களை நானும் அறிவேன். அடிப்படைத் தேவைக்கான அளவுக்கு ஒரு சென்னும் ஏற்ற வேண்டாம். அதற்குமேல் செலவழிப்பவரும் தொழிற்சாலைகளும் தரட்டும்.

மூன்று, ஐந்தாம் போகத்துக்கு முன் வாய்க்காலைச் செப்பனிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் போகும் நீரை அளந்து, அந்தக் கணக்கை ஊர்மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வயலில் சேமித்த நீர் நகரத்துக்குத் திருப்பப்பட்டால், அதற்குரிய ஈடு அந்த வயல்காரருக்குப் போக வேண்டும்.

இவை மாணவர்களால் ஆகக்கூடியவையா என்று கேட்காதீர்கள். பொறியியல் பயில்பவர் தம் இறுதியாண்டு ஆய்வுக்கு மூடாவின் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பயில்பவர் ஒன்பதாம் அட்டவணையை ஆற்றின் பார்வையிலிருந்து படிக்கலாம். பினாங்கிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள், தங்கள் நிறுவனம் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் எடுக்கிறது, எவ்வளவு திருப்பிப் பயன்படுத்துகிறது என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராகப் போகும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கல்விச் சுற்றுலா போகும் பேருந்தை, ஓர் ஆண்டாவது பெடு அணைவரை கொண்டுசெல்லுங்கள். கடாரத்தின் பழம்பெருமையோடு அதன் தண்ணீர்க் கணக்கையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.