கரிசலுக்கு ஓர் எல்ஃப்

எல்ஃப்களுக்கு எப்போதும் ஈரமான ஊர்தான் வாய்க்கிறது. டோல்கீனின் கதைகள் தொடங்கி இன்றைய கணினி விளையாட்டுகள் வரை, அவர்கள் குடியிருப்பது பெரும்பாலும் பாசி படர்ந்த பெருங்காட்டில். அவர்களுடைய இயற்கை மந்திரமும் அந்தக் காட்டுக்கு ஏற்றதுதான்: மரத்தோடு பேசுவது, கொடியை ஏவி எதிரியின் காலைக் கட்டுவது, காயத்தைப் பச்சை ஒளியால் ஆற்றுவது. அப்படி ஒருவரைப் பசுவந்தனைப் பக்கம் கொண்டுவந்து இறக்கினால், பாவம், ஏவுவதற்குக் கொடி இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். ஓடைக்கரையில் நாலு உடைமரம், அங்கங்கே பனை, மிச்சம் இருக்கிற தரிசெல்லாம் வேலிக்கருவேல். கருவேலை வேண்டுமானால் ஏவிப் பார்க்கலாம். அது யார் பேச்சையும் கேட்டதாக இதுவரை தகவல் இல்லை.

விளையாட்டுக் கதைகளைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவற்றில் சில இடங்கள் அசத்தலானவை. 2002-ல் வந்த 'வார்கிராஃப்ட் 3'-ல் இரவு எல்ஃப்களுக்கு மரம் சேகரித்துத் தருவது விஸ்ப் என்ற சிறு ஒளி உருண்டை. அது மரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மரம் சாயாது, கட்டை மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் வரும் போஸ்மர் என்கிற வன எல்ஃப்களின் கதை இன்னும் ஒரு படி மேல். அவர்கள் தங்கள் காட்டின் செடிகொடிகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். அதனால் காய்கறி கிடையாது, கறிதான் சாப்பாடு. கோயில் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்காத நம் ஊர்க்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு உடனே பிடிபடும். அங்கே எல்ஃபுக்குப் பலம் வருவது 'இதைத் தொடக்கூடாது' என்ற விலக்கிலிருந்து.

ஆனால் அதுவும் காட்டுக்காரர் மந்திரம்தான். கரிசலில் இயற்கையின் முக்கால் பங்கு தலைக்கு மேலே இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் மற்ற பத்து மாதமும் நகரும். ஆகவே இங்கே மந்திரம் என்று ஒன்று இருந்தால் அது மழை மந்திரமாகத்தான் இருக்க முடியும்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எல்ஃப்களும் ஏற்கிற ட்ரூயிட் என்ற வனப் பூசாரி வேடம் 1976-லேயே அந்த ஆட்டத்தில் ஏறிவிட்டது. அவர் கையில் வானிலையைக் கட்டுப்படுத்தும் மந்திரம் ஒன்று உண்டு. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி வெட்டவெளியில் நின்று பத்து நிமிடம் ஓத வேண்டும். சுற்றிலும் ஐந்து மைலுக்கு வானிலை மாறத் தொடங்கும். கவனம் சிதறாமல் இருந்தால் எட்டு மணி நேரம் வரை பிடித்து வைக்கலாம். ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். பசுவந்தனையில் நின்று ஓதினால் கோவில்பட்டிக்கு ஒரு சொட்டு விழாது. ஒன்பதாவது கிலோமீட்டரில் நிலம் வைத்திருப்பவர் மறுநாள் காலையில் ட்ரூயிட் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

நம் பக்கத்திலேயே எல்ஃப் பாணிக் கதை ஒன்று உண்டு. டோல்கீனின் எல்ஃப்கள் பாட்டாலேயே காரியம் சாதிப்பார்கள் அல்லவா, அதே வகை. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வருகிற வழியில் காய்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷினி ராகத்தில் 'ஆனந்தாம்ருதகர்ஷிணி' பாட, மழை கொட்டித் தீர்த்ததாம். கொட்டியது நிற்காமல் போகவே, நிறுத்தச் சொல்லியும் அவரே பாட வேண்டியதாயிற்றாம். அவர் தம்பி பாலுசுவாமி, கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்தவர், எட்டயபுரம் அரண்மனை வித்வான். தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே மறைந்தார். சமாதி அங்கேதான் இருக்கிறது. கதையில் எனக்குப் பிடித்தது பின்பாதி. மழையை வரவழைப்பதற்கு மட்டும் தெரிந்தால் போதாது, போதும் என்று சொல்லவும் தெரிய வேண்டும் என்று கதை கட்டியவர்களுக்குப் பட்டிருக்கிறது. கார்த்திகையில் பூத்து நிற்கிற உளுந்து மேல் அடைமழை பிடித்தால் என்ன ஆகும் என்று கண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அரண்மனைக்கு ராகம். ஊருக்குள் கொடும்பாவி. மழை பொய்த்தால் ஊரில் எவனோ மாபாவி இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு, அவனுக்கு வைக்கோலிலும் பழந்துணியிலும் ஓர் உருவம் செய்து, கயிறு கட்டித் தெருத் தெருவாக இழுப்பார்கள். பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைத்து வருவார்கள். ஊர் எல்லையில் கொள்ளி. இன்னொன்று மழைக்கஞ்சி: வீடு வீடாகப் போய் உப்பில்லாத கஞ்சி வாங்கி ஒன்றாக ஊற்றிக் குடிப்பது, பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போகிறோம் என்று எல்லையில் நின்று அழுவது. ஊரே பிச்சை எடுப்பதைப் பார்த்தாவது மேலே இருப்பவனுக்கு வெட்கம் வரட்டும் என்பதுதான் கணக்கு.

எந்த எல்ஃபும் இயற்கையை இப்படி வெட்கப்படுத்தி நான் பார்த்ததில்லை. அவர்கள் நிலவொளியில் குனிந்து வேண்டுவார்கள், கேட்டது கிடைக்கும். இங்கே மழையோடு இருக்கும் உறவு, சீர் செய்ய வராத தாய்மாமனோடு இருக்கும் உறவு. திட்டுவார்கள், அழுவார்கள், இழவு வீடு மாதிரி நடித்துக் காட்டுவார்கள். வந்துவிட்டால் பழசை யாரும் பேசமாட்டார்கள். இரண்டில் எது ஆழமான மந்திரம் என்று கேட்டால், பாட்டைவிட ஒப்பாரிக்குத்தான் என் ஓட்டு. அதற்குக் குரல்வளம் வேண்டாம், பரம்பரை வேண்டாம், ஆயிரம் வருட ஆயுசும் வேண்டாம்.

என் தம்பி மகன் இந்த விளையாட்டுகளில் ஊறியவன். "பெரியப்பா, நம்ம ஊருக்கு ஒரு எல்ஃப் செஞ்சா அதுக்கு என்ன பவர் கொடுக்கலாம்?" என்றான்.

புழுதி விதைப்பு என்றேன். மழைக்கு முன்னாலேயே, புரட்டாசிப் புழுதியில், ஈரமே இல்லாத மண்ணுக்குள் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது. தூறலை நம்பி முளைத்துவிட்டு அடுத்த வெயிலில் கருகிப் போகாதபடி, நல்ல மழைக்கு மட்டுமே கண் விழிக்கும் ஆழத்தில் விதை விழ வேண்டும். சோளத்துக்கு அது சுமார் ஐந்து சென்டிமீட்டர். விதையைக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, மறுபடி நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே காயவைப்பது இன்னொரு வித்தை. வேளாண் துறையினர் இதை விதை கடினப்படுத்துதல் என்பார்கள். அப்படி ஒருமுறை தண்ணீரைக் கண்டு ஏமாந்த விதை, அடுத்து வரும் வறட்சியை நன்றாகவே தாங்கும். 1901 முதல் இருந்துவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்காரர்களுக்குச் சொல்லிவரும் பாடங்களில் இவையும் உண்டு.

பையன் கொஞ்சம் யோசித்தான். "சரி, மந்திரம் பலிக்கலைன்னா?"

அதற்கும் விதி இருக்கிறது. எல்ஃப் பட்டா நகலோடு வி.ஏ.ஓ. ஆபீசில் அடங்கல் வாங்கி, கடைசித் தேதிக்குள் பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.