வரும்போது பார்த்துக்கொள்ளலாமா?

அடுத்த பெருந்தொற்றுக்கு வீட்டில் கொஞ்சம் முன்னேற்பாடு இருக்கட்டும் என்று சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன: அது நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்; சாமான் வாங்கி அடுக்குவது பதுக்கல்; அதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தான் சரிப்படும்.

நூறு வருஷக் கணக்கை யார் போட்டார்களோ! 1918க்குப் பிறகு 1957, 1968, 2009, 2020 என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. 1957இல் ஃபுளூ காய்ச்சல் கப்பலேறிச் சென்னைக்கே வந்தது.

பதுக்கல் என்ற வாதத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, மதுரை, கோவையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாள் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். நான்கே நாளைக்கு! சில நாட்களில் அந்தச் சந்தையே பெரிய தொற்று மையமாகி, கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் போனது; மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பருப்பும் வெங்காயமும் இருந்தவருக்கு அன்று அந்தக் கூட்டத்தில் வேலையே இல்லை. தட்டுப்பாடு வந்தபின் அள்ளுவதுதான் பதுக்கல். கடை நிறையச் சரக்கு கிடக்கும் நாளில் மாதம் ஒரு கிலோ கூடுதலாக வாங்கினால் யார் பங்கும் குறையாது; நெருக்கடி நாளில் வரிசையில் ஒரு ஆள்தான் குறைவார்.

வசதி பற்றிய வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தினக்கூலிக்குப் போகிறவரிடம் மூன்று மாத மளிகையைச் சேர்த்து வை என்பது அக்கிரமம். அவர் பாட்டை ரேஷன் கடைதான் பார்க்க வேண்டும். ஆனால் அவ்வளவு யார் கேட்டார்கள்? இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். சுகர், பிரஷர் மாத்திரை தீரும் முன்பே அடுத்த அட்டை. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சோப்பு, முகக்கவசம். முடிந்தால் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர். பக்கத்து வீடுகளோடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் அளவு இறங்கும் என்பதைக் கொரோனா காட்டிவிட்டது.

காசே செலவில்லாத ஏற்பாடும் உண்டு: நோயாளிக்கு எந்த அறை, தனியாக இருக்கும் பெரியவருக்குச் சோறு கொண்டுபோவது யார் என்று இப்போதே பேசி வைப்பது.

வாங்கி வைக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் கொரோனாவுக்கென்று ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னையில் இரவுபகலாக வரிசையில் நின்றார்கள். அதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையும் வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் சர்க்கரை நோயாளி அதை விழுங்குவது ஆபத்து.

இந்த மாத மளிகைச் சீட்டில் இரண்டு கிலோ பருப்பை மூன்றாகத் திருத்தி எழுதுங்கள்.