டம்பெல்லைப் பிடிச்சுக்கிட்டு காத்தைக் குத்தாதீங்க சாமி!

பாக்ஸிங் பழகுற இடம் எதுக்குப் போனாலும் இந்தக் காட்சி கண்ணுல படும். ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு கிலோ டம்பெல், எதிர்ல கண்ணாடி, சரமாரியா குத்து. "இப்படிப் பழகினா கிளவுஸ் மாட்டும்போது கை பறக்கும் தம்பி"ன்னு மாஸ்டர் வேற உசுப்பேத்துவார்.

பறக்காதுங்க. ஏன்னு சொல்ல பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும்.

டம்பெல்லை பூமி இழுக்குறது கீழ்நோக்கி. குத்து போறது முன்னாடி. ஆக, அந்த ரெண்டு கிலோ முக்கால்வாசி நேரம் செய்யறது உங்க கையைக் கீழே இறக்கப் பார்க்கிறதுதான். தோள்பட்டையோட முன்பக்க தசை அதைத் தூக்கிப் பிடிச்சே களைச்சுப்போகுது. அதோட, வேகமா வீசின கனத்தைக் கடைசியில நிறுத்தியாகணுமே? நிறுத்துறது முழங்கை மூட்டும் தோள் மூட்டும். பை மேல குத்தினா பை நிறுத்தும். காத்துல குத்தினா உங்க மூட்டுதான் பிரேக்கு.

"சரி, ரப்பர் பேண்டைக் கட்டிக்கிட்டு குத்துறேன்"னு கிளம்பாதீங்க. பேண்டு நீள நீள இழுப்பு கூடும். குத்து எந்த இடத்துல அதிக வேகத்துல போகணுமோ, சரியா அந்த இடத்துலதான் அது ரொம்பப் பின்னாடி இழுக்கும்.

இந்த வியாதிக்குக் காரணம் ஒரே ஒரு நினைப்பு: பார்க்க குத்து மாதிரி இருந்தா அது குத்துக்கு நல்லது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன். குத்துற அசைவைப் பழக பை இருக்கு, பேட் இருக்கு, ஸ்பாரிங் இருக்கு. வாரத்துக்கு ஆறு நாள் அதைத்தான் செய்றீங்க. பலப் பயிற்சியில அதையே அரைகுறையா இன்னொரு தடவை செய்றது எதுக்கு? அங்கே கிடைக்காததைத்தானே இங்கே தேடணும்? எங்க தொழில்ல ஒரு பாலபாடம் உண்டு: புரோகிராம் எங்கே திணறுதுன்னு அளந்து பார்க்காம எதையும் வேகப்படுத்தப் போகாதே.

அளந்து பார்த்த ஆளுங்களும் இருக்காங்க. ஃபிலிமோனோவ் குழுன்னு சோவியத் ஆராய்ச்சியாளர்கள், 1985-ல் வந்த கட்டுரை. குத்தோட விசைக்கு எது எவ்வளவு பங்கு தருதுன்னு கணக்குப் போட்டாங்க. தேர்ந்த பாக்ஸர்களுக்கு கால் சுமார் 38 சதவீதம், இடுப்பும் உடம்பும் 37, கை வெறும் 24. கத்துக்குட்டிகளுக்கு? கை 38, கால் 17 கூட இல்லை. அதாவது தேறத் தேற குத்து கையை விட்டு காலுக்கு இறங்குது. நாம என்னடான்னா கைக்கு டம்பெல் கொடுத்து கத்துக்குட்டியாவே வெச்சிருக்கோம் :-)

வழக்கமா வர்ற மறுப்புகளையும் பார்த்துடலாம்.

"வெயிட் தூக்கினா உடம்பு இறுகி ஸ்லோ ஆயிடும்." 1990-ல் ஹெவிவெயிட் பட்டம் ஜெயிச்ச ஹோலிஃபீல்ட், பலப் பயிற்சி எடுத்தது ஃப்ரெட் ஹாட்ஃபீல்ட் கிட்ட. 1987-ல் 1014 பவுண்டு, அதாவது 460 கிலோ வெச்சு ஸ்குவாட் போட்ட மனுஷன். ஹோலிஃபீல்டை ஸ்லோன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம். இறுகுறதுல ஒரு பாதி உண்மை இருக்கு. ஸ்டூவர்ட் மெக்கில் குழு 2010-ல் சண்டை வீரர்களை அளந்தப்போ, நல்ல அடியில தசை முதல்ல இறுகி, நடுவுல தளர்ந்து, படுற நேரத்துல மறுபடி இறுகுதுன்னு பார்த்தாங்க. அந்தத் தளர்ச்சியைக் கத்துத்தர்றது பையும் பேடும். கையில கனத்தை வெச்சுக்கிட்டு தளரவா முடியும்?

"வெயிட் தூக்கினா எடை ஏறி கேட்டகரி மாறிடும்." சாப்பாட்டையும் செட்டையும் கூட்டிக்கிட்டே போனா ஏறும். கனமா, அஞ்சு முறைக்குள்ள, நல்லா ஓய்வு விட்டுத் தூக்கினா பலம்தான் முதல்ல கூடும். மேரி கோமை நினைச்சுப் பாருங்க. 2012 லண்டன்ல பெண்கள் பாக்ஸிங் முதல்முறையா ஒலிம்பிக்ஸுக்கு வந்தப்போ இருந்த சின்ன பிரிவே 51 கிலோ. 48-ம் அதுக்குக் கீழேயும் உலகப் பட்டம் ஜெயிச்சவங்க, பெரிய உடம்புக்காரங்களோட மோதித்தான் வெண்கலம் வாங்கினாங்க. எடைக்கு மிஞ்சின பலத்தோட அருமை அங்கே தெரியும்.

"டைசன் என்ன வெயிட்டா தூக்கினாரு?" 1986-ல் பட்டம் ஜெயிக்கும்போது அவருக்கு 20 வயசு, 100 கிலோ. விதிவிலக்கை வெச்சு சிலபஸ் போடாதீங்க.

"நம்ம தாத்தா காலத்து தண்டால், பஸ்கி போதாதா?" ஆரம்பத்துக்கு அருமை. ஆனா 300 பஸ்கி போட்டா வளர்றது தம். அந்தத் தம்முக்கு ஸ்கிப்பிங்கும் ரவுண்டும் ஏற்கெனவே இருக்கு. அமெச்சூர் போட்டியே மூணு மூணு நிமிஷமா மூணு ரவுண்டுதான். எண்ணிக்கையைக் கூட்டாம கனத்தைக் கூட்டுங்க.

சரி, எதைத்தான் செய்யறது? வாரம் ரெண்டு நாள், நாலஞ்சு அயிட்டம்:

1. ஸ்குவாட், இல்லேன்னா பின்காலை பெஞ்சுல வெச்சு ஒத்தைக்கால் ஸ்குவாட்.
2. டெட்லிஃப்ட்.
3. புல்-அப்ஸ், ரோயிங். நாள் முழுக்க முன்னாடியே குத்துற தோளுக்கு பின்னாடி இழுக்குற வேலையும் வேணும்.
4. மெடிசின் பாலை சுவத்துல எறியறது, மூணு நாலு கிலோ. பந்து கையை விட்டுப் போயிடுது, பிரேக் போட வேண்டியதில்லை. குத்து மாதிரியே ஏதாவது செஞ்சே தீரணும்னா இதைச் செய்ங்க.
5. கழுத்து. அடி வாங்குற தலையைத் தாங்கப்போறது அதுதான்.

பார்பெல் இல்லையா? சிமெண்ட் சாக்குல மணலைக் கட்டுங்க. அதுவும் இல்லையா? கூட்டாளியைத் தோள்ல தூக்கிக்கிட்டு உட்கார்ந்து எழுந்திருங்க. எதைச் சேர்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு ஸ்பாரிங்ல இதனால கை கால் வராமப் போகுமா? ஆமான்னா பாதியாக் குறைங்க.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, நான் ஆபீஸ் முடிஞ்சு ஆசைக்குப் பழகுறவன். தோள் போனா ஐஸ் வெச்சுட்டு கீபோர்டு தட்டப் போயிடுவேன். பக்கத்துல பழகுற பசங்களுக்கு ரயில்வே, போலீஸ், ராணுவம்னு ஸ்போர்ட்ஸ் கோட்டாதான் கனவு. செலக்‌ஷன் நேரத்துல தோள் வலின்னா ஒரு வருஷம் அப்படியே போச்சு. வயசு வரம்பு அவங்களுக்காகக் காத்திருக்காது. மாஸ்டர்களே, உங்களை நம்பித்தான் அவங்க அம்மா அப்பா அனுப்பியிருக்காங்க. அந்த ரெண்டு கிலோ டம்பெல்லை எடுத்து கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுங்க.

டிஸ்கி: மூட்டுல ஏற்கெனவே வலி இருக்கிறவங்க டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் சாக்கைத் தூக்குங்க.