சோகத்தால் வருவதா சோகை?

‘சோகம் முற்றினால் சோகை’ என்று நம் முன்னோர் சொல்லுக்குள்ளேயே மருத்துவத்தைப் பொதிந்து வைத்தனராம். தமிழ் நண்பர்கள் சிலர் இதைப் பெருமிதத்தோடு பகிர்கின்றனர். மொழியியல் முதலாண்டு மாணவரும் அறிவர்: ஒலியொப்புமை சொற்பிறப்புக்குச் சான்றன்று, நோய்க்காரணத்துக்கோ அறவே சான்றன்று.

சிரித்துக் கடந்திருப்பேன். ஆனால் இதே தருக்கத்தைக் கொல்கத்தாவில் வேறு மொழியில் கேட்டேன். என் விடுதித் தோழி மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சிரைத்து நின்றாள்; படித்த பக்கம் மனத்தில் தங்கவில்லை என்றாள். மருத்துவரிடம் சென்றபோது கிடைத்த அறிவுரை, ‘டென்ஷன் கொரோ நா’. கூடவே தியானமும் பரிந்துரைக்கப்பட்டது. குருதிச் சோதனை எழுதப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறிடத்தில் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7.8 கிராம். கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் இருந்தாலே அது இரத்தசோகை.

நாட்பட்ட உள அழுத்தத்துக்கும் சிவப்பணு உருவாக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. எலிகளைத் தொடர்ந்து அழுத்தத்துக்கு உட்படுத்திய ஆய்வுகளில் அவற்றின் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு ஆக்கம் குன்றியது. அதற்கான ஒரு வழியும் அறியப்பட்டுள்ளது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6 உயரும்போது கல்லீரல் ஹெப்சிடினை மிகுதியாகச் சுரக்கிறது. இரும்பைக் குருதிக்குள் விடும் வாயிலாகிய ஃபெரோபோர்ட்டினை ஹெப்சிடின் அடைத்துவிடுகிறது. உடலில் இரும்பு இருந்தும் மஜ்ஜைக்கு எட்டுவதில்லை.

ஆனால் இதே அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால், சிவப்பணுவின் முன்னோடி அணுக்கள் பெருகத் துணைசெய்கிறது. கார்டிசால் மிகும் குஷிங் நோயில் சிவப்பணுக்கள் கூடுவதும் உண்டு. ஆக, இரு திசைகளிலும் இழுக்கும் விசைகள் உள்ளன. மனக்கவலை மட்டுமே ஹீமோகுளோபினைச் சோகை அளவுக்கு இறக்கும் என்பது மனிதரிடம் நிறுவப்படவில்லை.

மறுதிசையோ நன்கறியப்பட்டது. சோர்வு, கவனக்குறைவு, படபடப்பு, எரிச்சல் ஆகிய அனைத்தும் இரும்புக் குறைபாட்டின் அறிகுறிகள். இவற்றை ‘அழுத்தம்’ எனப் பெயரிட்டுவிட்டால் விளைவு காரணமாகிவிடுகிறது; நோயாளி குற்றவாளியாகிவிடுகிறாள்.

இந்த மாநிலத்தில் இப்படி ஊகித்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 71.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். இந்திய அளவில் 57. தமிழ்நாட்டவரும் பெருமைகொள்ள இயலாது: 53.4. மேலும், வங்கத்தில் ஹீமோகுளோபின்-இ, பீட்டா தலசீமியா ஆகிய மரபுக்கூறுகள் பரவலாக உள்ளன. இக்கோளாறுகளை ஜோதிபூஷண் சாட்டர்ஜி ஆராய்ந்தது இதே நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில்தான். மரபுவழி வரும் சோகைக்கு இரும்பு மாத்திரையே தீர்வாகாது என்னும்போது, தியானம் எங்ஙனம் தீர்வாகும்?

அழுத்தம் மெய்யாகவே குருதியைத் தொடுகிறது என்று கொண்டாலும், அதனால் பொறுப்பு மாணவரின் மனத்துக்கு இடம்பெயர்வதில்லை. நிறுவனத்தின் பொறுப்பே கூடுகிறது. உதவித்தொகையை மாதக்கணக்கில் தாமதிப்பதும், விடுதியில் நாள்தோறும் சோறும் உருளைக்கிழங்குமாக இடுவதும், பின்னர் மன அழுத்த மேலாண்மைப் பட்டறை நடத்திப் புகைப்படம் வெளியிடுவதும் நலவாழ்வுப் பணி ஆகா.

பேராசிரியர்களே, ஒரு மாணவி களைப்பென்று சொன்னால் அவள் மனவலிமையை அளக்காதீர். குருதியை அளக்கச் சொல்லுங்கள். நிறுவனங்கள் சேர்க்கையின்போதும் ஆண்டுதோறும் முழுக் குருதிச் சோதனையை இலவசமாகச் செய்யட்டும். குறைவு கண்டால் ஃபெரிட்டினும் தலசீமியாவும் சோதிக்கப்படட்டும். மாணவர்களே, ‘டென்ஷன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு எவரேனும் உங்களை அனுப்பிவைத்தால், சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்.

என் தோழி இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். இழந்த ஐந்து மாதங்களை அவள் ஆய்வேட்டின் காலக்கெடுவில் எவரும் கூட்டித் தரவில்லை.