ஏழு கிலோவுக்குள் ஓட்டப்பிடாரம்

முத்துநகர் எக்ஸ்பிரஸில் போகும் நம்மூர்க்காரர் எவரும் லக்கேஜை எடை போட்டதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு சூட்கேஸ், நாலு மஞ்சப்பை, ஒரு சாக்கு மூட்டை, கூட ஒரு மாமா. மாமாவைத் தவிர எல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விடும்.

விமானம் அப்படி இல்லை ஸார். தராசோடு நிற்கும் வாகனம் அது. உள்நாட்டில் பெரும்பாலான கம்பெனிகளின் சாதா டிக்கெட்டுக்குக் கையோடு கொண்டுபோக 7 கிலோ, ஒரே பை. வேண்டுமானால் லேப்டாப் பையோ ஹேண்ட்பேகோ சின்னதாக இன்னொன்று. அவ்வளவுதான்.

ஓட்டப்பிடாரத்து அம்மாக்களின் அகராதியில் ஏழு கிலோவுக்கு அர்த்தம், 'வெறுங்கை'. "எய்யா, கரிசக்காட்டு உளுந்து, மெட்ராசுல கெடைக்காது" என்று இரண்டு கிலோ. கருப்பட்டி இரண்டு கிலோ. கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு கிலோ (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், சும்மா இல்லை). வத்தல் ஒரு கிலோ. தூத்துக்குடி மக்ரூன் அரைக் கிலோ. கூட்டிப் பாருங்கள், ஆறரை ஆச்சு. பாக்கி அரைக் கிலோவில் உங்கள் சட்டை, பேன்ட், துண்டு, எதிர்காலம் எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் சக்கரம் வைத்த சூட்கேஸ் வேறு. காலியாகவே இரண்டு, மூன்று கிலோ முழுங்கிவிடும். பி.காம். பாஷையில் சொன்னால் வரவுக்கு முந்தியே செலவு. துணிப்பை அல்லது முதுகுப்பை என்றால் ஒரு கிலோவோடு முடியும். மிச்சம் இரண்டு கிலோ, அதாவது ஒரு கருப்பட்டிப் பொட்டலம், லாபம்!

ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சி., 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். அவரைக் கவிழ்க்க வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்து, கடைசியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இப்போது எட்டாவது கிலோவுக்குத் தனிக் காசு. குடை கொடுத்த காலம் மலையேறிப் போச்சு!

வாகைக்குளம் விமான நிலையம் 1992-ல் வந்தது. 2025 ஜூலை 26-ல் புது டெர்மினலைப் பிரதமர் திறந்து வைத்தார். கட்டடம் பளபள. ஆனால் எக்ஸ்ரே மெஷினுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். அதன் திரையில் உலோகம் நீலமாகத் தெரியும். உணவு, துணி, காகிதம் வகையறா ஆரஞ்சு நிறம். வெடிமருந்தும் பெரும்பாலும் ஆரஞ்சு வகையறாதான்! அடர்த்தியாக, ஒரே சீராக, செங்கல் சைஸில் ஓர் ஆரஞ்சுக் கட்டி தெரிந்தால் காவலர் சும்மா இருப்பாரா? பையைத் திறக்கச் சொல்வார். திறந்தால், திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ. அவருக்கே அல்வா கொடுக்கப் பார்த்ததாக நினைக்காமல் இருக்க ஒரு வழி: தின்பண்டத்தைக் கடை பாக்கெட்டோடு பையின் மேலாக வையுங்கள். கேட்டால் சட்டென்று எடுத்துக் காட்டலாம். பத்து நிமிஷம் மிச்சம்.

தேங்காய்? கைப்பையில் கூடாது. எண்ணெய்ச் சத்து உள்ளதால் தீப்பிடிக்கும் என்று பயம். சபரிமலைக்குப் போகும் சாமிகளுக்காக 2024 அக்டோபரில் விதியைத் தளர்த்தி, 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கையோடு அனுமதித்தார்கள். கொப்பரை இன்னும் மோசம். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்றே விமானத்துறைப் பட்டியலில் அதற்குப் பெயர்.

எண்ணெய், ஷாம்பு, பேஸ்ட் வெளிநாட்டுக்குப் போனால் 100 மில்லிக்குள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதிலிருந்து வந்த வினை. அளவு பார்ப்பது பாட்டிலை. 200 மில்லி பாட்டிலில் கால்வாசி எண்ணெய்தான் இருக்கிறது என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. வக்கீல் வ.உ.சி.யே வந்தாலும் ஜெயிக்க முடியாது.

பவர் பேங்க் சமாசாரம் தலைகீழ். அது கைப்பையில்தான் வர வேண்டும், கீழே போடும் பெட்டியில் கூடவே கூடாது. கண்ணெதிரே புகைந்தால் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் யார் பார்ப்பார்கள்? 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரித்தவர்கள். அனுமதி 100 வாட்-அவர் வரை. 20,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தால் 74 வாட்-அவர், பயமில்லை. தலைக்கு மேல் தட்டில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இனி விளையாட்டை விட்டுவிட்டுக் கொஞ்சம் சீரியஸாக.

வாகைக்குளம், மதுரை, திருவனந்தபுரம், சென்னை வழியாக முதல் தடவை வளைகுடாவுக்குப் போகும் தம்பிகளே! பாஸ்போர்ட், விசா, ஒரிஜினல் சர்ட்டிபிகேட், டாக்டர் சீட்டோடு மாத்திரை, ஒரு செட் உடுப்பு, இந்த அஞ்சும் உங்கள் தோளில் தொங்க வேண்டும். பெட்டிக்கு வழி தவறலாம், சர்ட்டிபிகேட்டுக்குத் தவறக் கூடாது. பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகாரை எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் 21 நாள் தாண்டியும் வராவிட்டால், தொலைந்ததாகவே கருதி நஷ்டஈடு கேட்கலாம். பணம் வரும், பத்து வருஷம் படித்த மார்க் ஷீட் வராது.

அடுத்து மாப்பிள்ளைப் பொட்டலம். "தம்பி, துபாய்தானே போறீய? நம்ம மாப்ளைக்கு மசாலா சாமான் கொஞ்சம்" என்று பக்கத்துத் தெரு மதினி நீட்டுவார். பாசம்தான், பழுதில்லை. ஆனால் குருமாவுக்குப் போடும் கசகசா ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சவுதியிலும் தடை செய்த பொருள். அபின் செடியின் விதை என்பதால் அங்கே அது போதைப்பொருள் கேஸ். மசாலா என்று சொல்லித் தப்ப முடியாது. கோடின் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரி வலி மாத்திரைகளும் எமிரேட்ஸில் முன் அனுமதி கேட்கும் சமாசாரம். ஆகவே பொட்டலத்தை அவர் எதிரிலேயே பிரியுங்கள். பிரிக்கக் கூடாது என்றால், "மன்னிச்சுக்கோங்க மதினி." ஒரு நிமிஷச் சங்கடம், ஜெயிலை விட மேல்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே அண்ணாச்சி கடைத் தராசில் பையை நிறுத்துவிடுங்கள். ஆறே முக்கால் காட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி கால் கிலோ சும்மா இருக்கட்டும். காரில் ஏறும்போது "இத மட்டும் வச்சுக்கய்யா" என்று அம்மா ஒன்று நீட்டுவார். என்ன என்று பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.