உருகுநிலைச் சோதனைக்கு மதிப்பெண் போடும் முறை மாறட்டும்

பாரசிட்டமால் தூள் 168 முதல் 172 டிகிரி செல்சியஸுக்குள் உருக வேண்டும். மருந்தியல் மாணவர்களுக்கு இது மனப்பாடம். ஆய்வகத்தில் கண்ட எண் இதோடு ஒத்திருந்தால் முழு மதிப்பெண், விலகியிருந்தால் வெட்டு என்பதே பல இடங்களில் வழக்கம். விடை முன்னதாகவே தெரிந்துவிட்டால் வெப்பமானியை உற்றுப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ரெக்கார்டில் புத்தக எண் ஏறிவிடுகிறது. மாணவர் கண்டதை உள்ளபடி எழுதினாரா என்பதற்கே இனி மதிப்பெண் தர வேண்டும்.

இந்தச் சோதனையில் குறிக்க வேண்டியவை இரண்டு வெப்பநிலைகள்: தூள் உருகத் தொடங்குவது ஒன்று, கடைசித் துகளும் உருகி முடிவது இன்னொன்று. நன்கு உலர்த்திப் பொடித்த மருந்தை, ஒரு முனை மூடிய தந்துகிக் குழாயில் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டி இறுக்கி, மெல்லச் சூடேற்றுகிறார்கள். உருகுநிலையை நெருங்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரி அளவில்தான் வெப்பம் ஏற வேண்டும். முதலில் தூள் சுருங்கிக் குழாய்ச் சுவரை விட்டு விலகும். பிறகு ஓரத்தில் ஈரம் கசிந்ததுபோல் ஒரு மினுக்கம். சற்று நேரத்தில் முழுதும் தெளிந்த திரவம். தூய மருந்தில் பொதுவாக இது ஓரிரு டிகிரிக்குள் முடிந்துவிடும். கலப்பு இருந்தால் முன்னதாகவே உருகத் தொடங்கி, முடிவதற்குள் பல டிகிரி இழுக்கும். அவசரமாகச் சூடேற்றினால் வெப்பமானியும் தூளும் ஒரே வெப்பத்தில் இரா, எண் பிசகும். ஆக, விலகிய எண் ஈரம், கலப்பு, அவசரம், பழுதான வெப்பமானி என ஏதோ ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. புத்தக எண்ணை எழுதுபவர் அந்தத் தடயத்தையே அழித்துவிடுகிறார்.

விலகலுக்கும் மதிப்பெண் கொடுத்தால் கவனக்குறைவுக்குப் பரிசு தந்ததாகாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். ஆகாது. 122 டிகிரியில் உருகும் பென்சாயிக் அமிலத்தை முதலில் வைத்து வெப்பமானியைச் சரிபார்க்கச் சொல்லலாம். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதச் சொல்லலாம். கவனமாகச் செய்தாரா என்பது அதில் தெரிந்துவிடும். பெயர் சொல்லாமல் தூளைக் கொடுப்பது இன்னும் நல்லது. யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டும் தனித்தனியே 133 டிகிரி அளவில்தான் உருகும்; கலந்தாலோ உருகுநிலை வெகுவாகக் கீழிறங்கும். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. நவீனக் கருவிகள் வந்த பிறகு இந்தப் பழைய சோதனை எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. மருந்தை அடையாளம் காண உருகுநிலை மட்டும் போதாது. ஆஸ்பிரின் போன்றவை உருகும்போதே சிதையத் தொடங்கிவிடும். கலப்பை நுணுக்கமாகப் பிரித்துக் காட்ட எச்.பி.எல்.சி. கருவி இருக்கிறது. ஆனால் எந்தக் கருவி தந்த எண்ணானாலும் அதை மாற்றாமல் பதிய வேண்டியவர் மனிதர்தான். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு சிட்டிகைத் தூளும் ஒரு கண்ணாடிக் குழாயும் போதும்.

பழக்கம் தவறினால் விலை பெரிது. தரக்குறைவான மருந்துகள் தொடர்பான குற்றங்களோடு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பொய்த் தகவல் தந்ததையும் ஒப்புக்கொண்ட ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு, 2013-இல் 50 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. கல்லூரி ஆய்வகத்தில் எண்ணைத் திருத்திப் பழகியவர்தான் நாளை ஒரு தொழிற்சாலையில் தரச் சான்றிதழில் கையெழுத்திடப் போகிறார். பல்கலைக்கழகங்கள் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் விதியை வரும் கல்வியாண்டிலேயே திருத்த வேண்டும். இதற்குப் புதிய கருவியும் வேண்டாம், கூடுதல் நிதியும் வேண்டாம்.