துணிச் சாயம் குழந்தைகளின் வாயிலா?

சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரையில் லட்சோப லட்சம் மக்கள் கூடுகிறார்கள். மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கூலியில் மிச்சம் பிடித்த காசில் குழந்தைக்கு முதலில் வாங்கித் தருவது பஞ்சு மிட்டாய். அது சீனியும் நிறமும்தான். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு சென்னையிலும் நடந்த சோதனைகளில் விஷயம் அம்பலமாயிற்று. மிட்டாயில் இருந்தது ரோடமைன்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் துளியும் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழி வகுக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பிப்ரவரி 17-ந் தேதி தமிழ்நாடு சர்க்கார் தடை விதித்தது. மறு மாதமே கர்நாடகமும் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடுத்தது.

சுங்கடிச் சேலைக்குப் பேர்போன ஊர் மதுரை. சாயப் பட்டறைத் தோழரின் கையைப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் கறை போவதில்லை. அத்தகைய சாயம் பிஞ்சுக் குடலில் என்ன செய்யும்?

தடை நியாயமானது, வரவேற்கிறோம். ஆனால் பிடிபட்டவர் யார்? கம்பில் மிட்டாயைக் கட்டிக்கொண்டு வெயிலில் அலைகிற ஏழை வியாபாரி! அவர் சாயத்தைக் காய்ச்சி எடுத்தாரா? மலிவு, ஒரு சிட்டிகை போதும் என்று அவர் கையில் அதைக் கொடுத்த மொத்த வியாபாரி எங்கே? சாயம் தயாரித்த முதலாளி எங்கே? தெருவோடு நின்றுவிடும் சட்டத்தால் விஷம் நிற்காது.

சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கவனியுங்கள். பாதுகாப்பற்ற உணவை விற்று, உடனடித் தீங்கு எதுவும் நேராத குற்றத்துக்கு முன்பு ஆறு மாதம் வரை சிறை. 2023-ம் ஆண்டு ஜன விஸ்வாஸ் சட்டம் அதை மூன்று மாதமாகக் குறைத்து, அபராதத்தை மூன்று லட்ச ரூபாய் வரை உயர்த்தியது. பணக்காரனுக்கு அபராதம் வியாபாரச் செலவு. தெரு வியாபாரிக்கோ அது வாழ்வே நாசம்.

அனுமதி பெற்ற நிறங்களும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. இந்திய விதிகள் அனுமதித்த எட்டு செயற்கை நிறங்களில் ஒன்று எரித்ரோசின். எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதைக் காரணமாகக் கொண்டு, 2025 ஜனவரியில் அமெரிக்கா அதை உணவிலிருந்து விலக்க உத்தரவிட்டது. நிறம் ருசி தருவதில்லை, பலமும் தருவதில்லை. சரக்கை விற்கத்தான் அது தேவைப்படுகிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். பிடிபடும் ஒவ்வொரு பொட்டலமும் எந்தக் கடையிலிருந்து, எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து வழக்குத் தொடர வேண்டும். சோதனை திருவிழா முடிந்த பிறகு அல்ல, கடை போடும்போதே நடக்க வேண்டும். தெரு வியாபாரியின் இயந்திரத்தைப் பறிக்காதீர்கள். நிறமில்லாத வெள்ளை மிட்டாய் விற்க அவருக்கு வழி காட்டுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்லும் உரிமையை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு சாதாரண மனிதனுக்கும் தருகிறது. குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி ஆளால் முடியாததைச் சங்கம் செய்யட்டும். மில் வாசலில், கிராமத்துச் சந்தையில், பள்ளிக்கூட வாசலில் விற்கும் பண்டங்களைச் சங்கங்கள் சோதனைக்கு அனுப்பட்டும். முடிவை ஊரறியச் சொல்லட்டும்.

நம் உழைப்பைச் சுரண்டுவது போதாதென்று, நம் குழந்தைகளின் குடலையும் லாப வேட்டைக்கு விட்டுக்கொடுக்க முடியாது!